ஐந்தே முக்கால் மைக்ரானில் ஒரு பள்ளம்

நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள். ஒவ்வொரு மாதிரியையும் சோதிப்பதற்கு முன்னால் ஒரு வெறும் வில்லையைச் செய்து பார்க்க வேண்டும் என்று பழக்கியவர் கமலா மேடம்தானாம். பிள்ளைகள் அதற்கு 'மேடம் வில்லை' என்றே பெயர் வைத்திருப்பதாக ஒரு பெண் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த விதி எப்படி வந்தது என்று ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். எழுதுகிறேன். படித்த பிறகு அச்சில் போடுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் மதுரையில் வேதியியல் படித்தேன். சென்னையில் ஆறு மாதம் கருவிப் பயிற்சி எடுத்தேன். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாதி நாள் கண்ணாடிக் குடுவைதான் கழுவினேன். பிறகு சொந்த ஊரான திண்டுக்கல்லிலேயே வேலை கிடைத்தது. பேகம்பூர் பக்கம் தோல்ஷாப்புகள் வரிசையாக இயங்கிய காலம் அது. தோல் பதனிடும் இடத்தைத்தான் எங்கள் ஊரில் ஷாப்பு என்போம். அறுபதுகளின் தொடக்கத்தில் முதலாளிகள் சிலர் சேர்ந்து ஒரு சோதனைக்கூடம் நடத்தினார்கள். அதற்கு, வெளிநாட்டில் தோல் வாங்கும் ஒரு கம்பெனி, தான் பயன்படுத்திக் கழித்த அகச்சிவப்பு நிறமாலைக் கருவி ஒன்றைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தது. ஷாப்புக்காரர்கள் அதை எக்ஸ்ரே பெட்டி என்பார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் எக்ஸ்ரே பெட்டிதான். கொஞ்ச நாளில் நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

அந்தப் பெட்டி செய்கிற வேலை சுலபமானது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை ஒரு பொருளுக்குள் அனுப்பும். பொருள் தனக்கு ஒத்த அலைநீளங்களை விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடத்திலெல்லாம் பேனா கீழே இறங்கித் தாளில் ஒரு பள்ளம் வரையும். பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அது என்ன பொருள் என்று சொல்லலாம். தோலின் புரதத்துக்கு ஆறு மைக்ரான் அலைநீளத்தில் பள்ளம் விழும். எண்ணெய்க்கு ஐந்தே முக்கால் மைக்ரானில் விழும். சமையல் எண்ணெயானாலும் சரி, மாட்டுக் கொழுப்பானாலும் சரி, ஐந்தே முக்காலில் விழுந்தே தீரும்.

கருவிக்குள் இருந்த பட்டகம் உப்பால் ஆனது. நிஜமான உப்புதான். ஈரம் பட்டால் கரைந்துவிடும் என்று அந்த அறைக்குள் இரவும் பகலும் பல்பு எரிந்துகொண்டிருக்கும். திண்டுக்கல் வெயிலோடு அந்தப் பல்பு சூடும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை இந்தக் கருவியால் பார்க்கவே முடியாது. தண்ணீர் பட்டகத்தையும் கரைக்கும், கதிர் முழுவதையும் விழுங்கி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். இது பின்னால் முக்கியம், அதனால் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் தலைவர் டாக்டர் சவரிமுத்து. திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம், வெளிநாட்டில் படித்தவர். கூழ்மங்களும் மேற்பரப்புகளும்தான் அவருடைய பாடம். பால்போல, சாயக் கலவைபோல, கரையாமல் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒரு பரப்பில் எப்படி ஒட்டுகின்றன, ஏன் உரிகின்றன என்பதையே வாழ்நாள் முழுக்க யோசித்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்குகிறவரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். தாளில் ஒரு இரும்பு அடிக்கோலை வைத்து, பள்ளத்தின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அறிக்கையில் கண்டதை மட்டும் எழுதுவார். "கண்டத எழுதுங்க மிஸ் கமலா. காரணத்த எழுதாதீங்க. காரணம் வேற ஆளோட வேலை" என்பார். அந்த வழக்கத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார்.

அவர் அப்படி மீறிய வருஷம், சித்திரையில், ஒரு ராவுத்தர் முதலாளியின் ஷாப்பிலிருந்து போன தோல்களில் மேல்வண்ணம் உரிகிறது என்று வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. பாலிலிருந்து எடுக்கும் கேசின் என்ற புரதத்தோடு வண்ணப்பொடியைச் சேர்த்துத் தண்ணீரில் கலக்கி அந்த வண்ணத்தைப் பூசுவார்கள். பூசுவதற்கு முன் தோலின் முகத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப்படலம் நின்று, வண்ணத்தைப் பிடிக்கவிடாது.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஸ்பிரிட்டுக்குப் பெர்மிட் உண்டு, கணக்கு உண்டு, டிரம்முக்குப் பெரிய திண்டுக்கல் பூட்டு உண்டு. சாவி மேஸ்திரி பீர் முகம்மதின் இடுப்பு வாரில் இருக்கும். வண்ணம் பூசும் பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. ஐம்பது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். அவர் துடைக்காமல் விட்டிருந்தால் ஸ்பிரிட் எங்கே போனது என்று கேள்வி வரும். அதற்கு ஊரில் ஒரே பதில்தான் உண்டு. குடிக்கிறவர்களுக்கு விற்றிருக்கிறார் என்பார்கள். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர்மேல் அதைவிடக் கேவலமான பழி வேறு கிடையாது.

டாக்டர் மாதிரிகளைக் கேட்டார். துடைத்து முடித்த, வண்ணம் பூசாத தோல் துண்டுகள். பீர் முகம்மதே கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைதான் வருவார், ஏனென்றால் ஜும்மா தொழுகைக்காக அன்று ஷாப்பு முன்னதாகவே நின்றுவிடும். குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி எங்களிடம் கொடுத்துவிட்டு அப்படியே பள்ளிவாசலுக்குப் போவார். அந்தப் பருவத்தில் வெள்ளிக்கிழமைகளில் அவருடைய மாதிரி மட்டும்தான் வரும். மற்ற ஷாப்புகளின் ஆட்கள் திங்கள், செவ்வாய், புதன் என்று வந்துபோவார்கள். வந்த அன்றே சோதித்துவிட வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை.

செய்முறை இதுதான். தோலின் முகத்தைச் சவர பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். சுரண்டிய தூள் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. அதைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு சேர்த்துச் சின்னக் கல்வத்தில் குனிந்து அரைக்க வேண்டும். அரைத்ததை அச்சில் கொட்டி அழுத்தினால் சட்டைப் பொத்தான் அளவில் கண்ணாடிபோல ஒரு வில்லை வரும். அதைக் கதிரின் குறுக்கே வைப்போம். வெறும் உப்பில் மட்டும் ஒரு வில்லை செய்து, உப்பு சுத்தமா என்று பார்ப்பதும் உண்டு. அது திங்கட்கிழமை காலையில், வாரத்துக்கு ஒரு தடவை.

பீர் முகம்மதின் முதல் துண்டிலேயே ஐந்தே முக்காலில் பள்ளம் விழுந்தது. பதனிட்ட தோலுக்குள் கொஞ்சம் எண்ணெய் இருக்கத்தான் செய்யும். துடைத்த பரப்பில் அது ஒரு சின்னக் குழிவாகத்தான் தெரிய வேண்டும். இதுவோ கிணறு மாதிரி இறங்கியிருந்தது. டாக்டர் அடுத்த வாரமும் கேட்டார். அடுத்த வாரமும் பள்ளம். ஐந்து வெள்ளிக்கிழமை, ஐந்து துண்டு, ஐந்து பள்ளம். மற்ற ஷாப்புத் தோல்களில் ஒன்றில்கூட இல்லை. எனக்கு இருபத்திரண்டு வயது, ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பு. ஐந்து தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பள்ளம் அச்சு பிசகாமல் பொருந்துகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ராவுத்தர் நேரில் வந்து உட்கார்ந்தார். "டாக்டரய்யா, நீங்க சொல்ற அலை கிலை எல்லாம் எனக்கு வெளங்காது. மேஸ்திரி தொடைச்சானா, தொடைக்கலியா? அத மட்டும் எழுதிக் குடுங்க."

டாக்டர் ரொம்ப நேரம் அடிக்கோலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, பரப்பில் எண்ணெய் மிகுதி என்று எழுதினார். அதற்குக் கீழே, துடைப்பு முறையாக நடக்கவில்லை என்று இன்னொரு வரியும் எழுதினார். அந்த இரண்டாவது வரி அவர் எழுதக்கூடாத வரி. எனக்கு அது தெரியும். நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன்.

சாவியை வாங்கிக்கொண்டு பீர் முகம்மதை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவர் சோதனைக்கூடத்துக்கு வந்தார். டாக்டர் இல்லை. அந்தத் தாளைக் காட்டச் சொன்னார். நான் காட்டினேன். இதுதான் உங்கள் எண்ணெய் என்று பள்ளத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"நான் தொடச்சேன் தாயி. ஒரு தோல் விடாமத் தொடச்சேன். தண்ணி மாறிப்போச்சு, அதான் உரியுது. கெணறு அடி தட்டிருச்சு, இப்ப ஊறுறது ஒரே உப்புத்தண்ணி. கலரு கலக்கி வச்சா செத்த நேரத்துல அடியில மண்டி ஒக்காருது. மொதலாளிட்ட அம்புட்டுத் தடவ சொன்னேன்."

"பெரியவரே, தண்ணிமேல பழியப் போட்டாச்சா? கருவி பொய் சொல்லாது" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் வறண்டு, வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாகத் தெரிந்தது. "இந்தக் கையப் பாருங்க. ஸ்பிரிட்டு படாத கை இப்பிடியா இருக்கும்?"

பார்த்தேன். பார்த்துவிட்டு, தாளை மடித்து உறையில் போட்டேன்.

அவருடைய மகளுக்கு நத்தத்தில் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். சாராயத்துக்கு ஸ்பிரிட் விற்றவன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பேகம்பூரில் வேறெந்த ஷாப்பிலும் அவரைச் சேர்க்கவில்லை. ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. அதோடு வண்ணம் உரிவதும் நின்றது. மேஸ்திரி போனார், நோவும் போச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் மனசில் இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தல் அதோடு போயிற்று.

மறுவருஷம் வைகாசியில் வண்ணம் மறுபடி உரிந்தது.

புது மேஸ்திரி துண்டுகளைக் கொண்டுவந்தது ஒரு வியாழக்கிழமை. வில்லை செய்து வைத்தேன். பேனா ஐந்தே முக்காலைத் தாண்டிப் போயே போய்விட்டது, பெயருக்கு ஒரு குழிவு, அவ்வளவுதான். பரப்பில் எண்ணெய் இல்லை, ஆனாலும் உரிகிறது. டாக்டர் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அதே துண்டுல நாளைக்கு இன்னொண்ணு செய்யுங்க" என்றார்.

மறுநாள் செய்தேன். பள்ளம் விழுந்தது. அதே கிணறு. முந்தின நாள் எண்ணெய் இல்லாத தோலில் ஒரே இரவில் எண்ணெய் வந்திருந்தது.

டாக்டர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல் உண்டு. நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டுக் குளித்து, ஈரம் காயாத முடியின் நுனியில் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடிவருவேன். மற்ற நாளில் இறுக்கிப் பின்னியிருக்கும் முடி அன்று மட்டும் அவிழ்ந்து கிடக்கும். கல்வத்தின்மேல் குனிந்தால் முன்னால் வந்து விழும். விரலால் பின்னால் தள்ளிவிட்டு, அதே விரலால் உப்பை அள்ளி அரைப்பேன். சீயக்காய் எண்ணெயை முழுசாகவா எடுக்கும்?

"மிஸ் கமலா, தோல் போடாம வெறும் உப்புல ஒரு வில்லை செய்யுங்க. எப்பவும் செய்ற மாதிரியே செய்யுங்க" என்றார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை.

செய்தேன். தோலே இல்லாத வில்லையில் ஐந்தே முக்காலில் பள்ளம் இறங்கியது. ஐயோ, அந்தக் கையை விரித்துக் காட்டினாரே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். டாக்டர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிற்பகல் அவரே ஷாப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் செய்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் அதையும், இன்னொன்றில் நகராட்சிக் குழாய்த் தண்ணீரையும் ஊற்றி, இரண்டிலும் வண்ணத்தைக் கலக்கினார். செத்த நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் டம்ளரில் திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக அடியில் இறங்கியது. குழாய்த் தண்ணீர் அப்படியே நின்றது. உப்புத்தண்ணீரில் கேசின் திரிந்துவிடும், திரிந்த வண்ணம் தோலில் பிடிக்காது. பீர் முகம்மது சொன்ன மண்டி கண்ணெதிரே இருந்தது. இரண்டு டம்ளர் போதும், எந்தக் கருவியும் வேண்டாம். கருவிக்குத் தண்ணீர் தெரியாது என்பதால் எங்களுக்கும் தண்ணீர் தெரியாமல் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து டாக்டரும் நானும் பீர் முகம்மதின் வீட்டுக்குப் போனோம். பாய் விரித்து உட்காரச் சொன்னார். ஆள் பாதியாகியிருந்தார். அவருடைய பழைய தாளையும் என் வெறும் வில்லைத் தாளையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினார். பீர் முகம்மது இரண்டு பள்ளத்திலும் ஒவ்வொரு விரலை வைத்துப் பார்த்தார். அவர் கை ஆறியிருந்தது. ஒரு வருஷமாக ஸ்பிரிட் படாத கை.

"அப்ப இது தாயி தலை எண்ணெயா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். உள்ளே கதவு மறைவில் வளையல் சத்தம் கேட்டது, மகளாக இருக்க வேண்டும்.

"மொதலாளிக்கு எழுதிட்டேன். வேலைக்குத் திரும்பக் கூப்புடுவாரு" என்றார் டாக்டர்.

"வேலை கெடக்கட்டுங்கய்யா. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு சனம் வெளிய வரும். பள்ளிவாசல் வாசல்ல நின்னு, நடந்தத ஒரு தடவ சத்தமாச் சொல்லுங்க. எம்மக காதுல விழுற மாதிரி ஊரு பேசுச்சு. ஊரு காதுல விழுற மாதிரி நீங்க பேசுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

வருகிறோம் என்று டாக்டர் சொன்னார். நானும் சொன்னேன். சத்தியமாகப் போவதாகத்தான் இருந்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தவர், ஊரில் தெரியாத ஆள் கிடையாது. "கூறு இருக்காடி ஒனக்கு? கல்யாணம் ஆகாத பொண்ணு, அம்புட்டு ஆம்பளைங்க மத்தியில போயி நின்னு, என் தலை எண்ணெய்தான்னு சொல்லப் போறியா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும். வேலையும் போகும். ஒங்க டாக்டரு போறாருல்ல, அவரு சொல்லட்டும்."

அப்பாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. யாரும் என் கையைப் பிடித்துக் கட்டிப்போடவில்லை. எனக்கே பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது. அவர் தடுத்தது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்டது. போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் தனியாகப் போனார். திங்கட்கிழமை கேட்டபோது, "சொல்லிட்டேன்" என்றார். மீதியை, அன்று மாலை வந்த ராவுத்தர் சொன்னார்.

"ஒங்க டாக்டரு தங்கமான மனுசம்மா. சோதனைக்கூடத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு, மேஸ்திரி குத்தமில்லாதவர்ன்னாரு. யாரு செஞ்ச தப்பு, என்னா தப்புன்னு நாலு பேரு கேட்டாக. மனுசன் அதுக்கு மட்டும் வாயத் தெறக்கல. யாரு நம்புவா? வயசானவன், பொம்பளப் புள்ள இருக்கு, பாவம்னு டாக்டரு எரக்கப்பட்டுச் சொல்றாருன்னுட்டுப் போயிட்டாக."

அந்தத் தப்பு என்னுடையது என்று தெரியாமல்தான் ராவுத்தர் என்னிடம் சொன்னார். என் பெயர் வெளியே வரக்கூடாது என்று டாக்டர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எண்ணெய் யாருடையது என்று சொல்லாத வரையில், அது பீர் முகம்மதின் எண்ணெயாகவே இருந்தது. என் தலைமுடியைக் காட்டி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அப்படி ஒரு வெட்கக்கேட்டை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார். "அந்த மேஸ்திரி இன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்தாரு. வாணியம்பாடிக்கு மூணு டிக்கெட்டு. அவரு, வீட்டம்மா, மக. ஊருக்குத் திரும்பி எப்ப பாய்னு கேட்டேன். சிரிச்சாரு." பிறகு தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால், மாதிரியைத் தொடுகிற அதே கையால், ஒரு வெறும் வில்லை செய்ய வேண்டும் என்று டாக்டர் அந்த வாரமே எழுதிச் சுவரில் ஒட்டினார். ஏன் என்று எழுதவில்லை. அறிக்கையில் காரணம் எழுதுவதை அவர் சாகிறவரை மறுபடி செய்யவில்லை. பின்னால் நான் வேலை பார்த்த இடத்திலெல்லாம் அந்த விதியைக் கொண்டுபோனேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம், சுத்தம் முக்கியம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அந்த விதிக்கு என் பெயரை வைக்காதீர்கள். பள்ளிவாசல் வாசலில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். பீர் முகம்மது மேஸ்திரி ஒவ்வொரு தோலையும் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார். ஒரு சொட்டுக்கூட அவர் விற்கவில்லை. அந்த ஐந்து தாளிலும் இருந்தது என் தலை எண்ணெய். இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் அன்று ஜும்மா முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.